ஜார்சுகுடா எந்த மாநிலத்தில் இருக்கிறது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வயது 28. பி.காம். முடித்துவிட்டு மூலக்கொத்தளம் பக்கம் ஒரு பார்சல் சர்வீஸில் புக்கிங் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஜார்சுகுடாவுக்குப் போக வேண்டிய இரண்டு பெட்டியை ஜார்க்கண்ட் லோடில் போட்டுவிட்டேன். பெயரைப் பார்த்து அங்கேதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். சரக்கு ராஞ்சி வரை போய்த் திரும்பி வந்தது. முதலாளி கத்தியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். லோடு ஏற்றும் ஒடிசா பையன், "அக்கா, அது எங்க ஊர் பக்கம்" என்று சொன்னபோதுதான் அவமானமாக இருந்தது. அன்று ராத்திரி பெயர் போடாத இந்தியா மேப் ஒன்றை வைத்துக்கொண்டு மாநிலங்களைக் குறித்துப் பார்த்தேன். தென்னிந்தியா, மகாராஷ்டிரா, குஜராத், காஷ்மீர். அதற்கு மேல் கை ஓடவில்லை. எட்டாவது படிக்கும் அக்கா பையனும் என்னைப் போலத்தான். இந்த வயதில் முதலில் இருந்து கற்றுக்கொள்ள முடியுமா? எப்படி? ஆபீஸ் சுவரில் மாட்ட ஒரு மேப்பும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

— ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முடியும். நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மாதத்தில் எந்த மாநிலம் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது யோசிக்காமலே வரும். முதலில் அந்த இரண்டு பெட்டியின் கணக்கை முடித்துவிடுவோம்.

ஜார்சுகுடா ஒடிசாவின் மேற்கு ஓரத்தில், சத்தீஸ்கர் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹவுராவிலிருந்து நாக்பூர் வழியாக மும்பை போகும் ரயில் பாதையில் அது பெரிய ஜங்ஷன். அதன் பின்கோடு 768-ல் தொடங்கும். ஜார்க்கண்டில் எந்த ஊரின் பின்கோடும் 7-ல் தொடங்காது, 8-ல்தான் தொடங்கும். பெட்டி மேல் ஒட்டிய விலாசத்திலேயே விடை இருந்திருக்கிறது. ஊர்ப் பெயர் ஏமாற்றும், எண் ஏமாற்றாது. நாளைக் காலையே உங்களுக்குப் பயன்படப் போவது இதுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதல் இலக்கம் நாட்டின் ஒரு பெரிய பகுதியைக் காட்டும். 1 என்றால் டெல்லி, ஹரியானா, பஞ்சாப், இமாச்சல், ஜம்மு காஷ்மீர், லடாக். 2 உத்தரப் பிரதேசமும் உத்தராகண்டும். 3 ராஜஸ்தான், குஜராத். 4 மகாராஷ்டிரா, கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர். 5 ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா. 6 நாமும் கேரளாவும், கூடவே புதுச்சேரியும் லட்சத்தீவும். 7 மேற்கு வங்கம், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள், சிக்கிம், அந்தமான். 8 பீகார், ஜார்க்கண்ட். 9 ராணுவத் தபால். இரண்டாவது இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் மாநிலமே தெரிந்துவிடும். 75 முதல் 77 வரை ஒடிசா, 49 சத்தீஸ்கர், 45 முதல் 48 வரை மத்தியப் பிரதேசம், 50 தெலங்கானா, 51 முதல் 53 வரை ஆந்திரா, 78 அசாம். 79-க்கு மட்டும் மூன்றாவது இலக்கமும் வேண்டும்: 790 முதல் 792 வரை அருணாசலம், 793, 794 மேகாலயா, 795 மணிப்பூர், 796 மிசோரம், 797, 798 நாகாலாந்து, 799 திரிபுரா. பீகாரும் ஜார்க்கண்டும் 81, 82-ல் கலந்து கிடக்கும்; அங்கே மாவட்டப் பெயரையும் பார்த்துத்தான் போட வேண்டும். 83 என்றால் சந்தேகமில்லாமல் ஜார்க்கண்ட். ஒரு அட்டையில் எழுதிக் கவுன்டர் கண்ணாடிக்குள் ஒட்டிவையுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும்போது இந்த எண்தான் காப்பாற்றும். பிலாஸ்பூர் சத்தீஸ்கரிலும் உண்டு (495), இமாச்சலிலும் உண்டு (174). உதய்பூர் என்றால் எல்லோரும் ராஜஸ்தானை (313) நினைப்பார்கள்; திரிபுராவில் ஒரு உதய்பூர் இருக்கிறது (799). ஸ்ரீநகர் காஷ்மீரில் மட்டுமில்லை, உத்தராகண்ட் மலையிலும் இருக்கிறது (246). அவுரங்காபாத் பீகாரில் 824, மகாராஷ்டிராவில் 431. மகாராஷ்டிர அவுரங்காபாத்துக்கு 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர், ஆனால் பார்சல் அனுப்புகிறவர்கள் பழைய பெயரையேதான் எழுதுவார்கள். அதே போல அலகாபாத் 2018-ல் பிரயாக்ராஜ் ஆனது, போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

இது வேலைக்கு. ஆனால் நீங்கள் கேட்டது வேலைக்காக மட்டுமில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் ஞாபக சக்தி இல்லை. மாநிலம், தலைநகரம் என்று பட்டியலாகப் படிக்க வைத்தார்கள், ஒப்பித்தோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். அகர வரிசைப் பட்டியலில் ஒரு மாநிலத்துக்கு மேலும் கீழும் இருக்கும் பெயர்களுக்கும், தரையில் அதைச் சுற்றி இருக்கும் மாநிலங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆங்கிலப் பட்டியலில் ஜார்க்கண்டுக்கு அடுத்து கர்நாடகா வரும். தரையில் ஜார்க்கண்டைச் சுற்றி இருப்பவை பீகார், உத்தரப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மேற்கு வங்கம். "ராஞ்சி எதன் தலைநகரம்?" என்று கேட்டால் சரியாகச் சொல்கிற பத்துப் பேரிடம் மேப்பைக் கொடுத்து ராஞ்சியைத் தொடச் சொன்னால் விரல் அலையும். அடுத்தது, மேப்பே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஜார்க்கண்ட் மூன்றும் 2000 நவம்பரில் பிரிந்தவை. தெலங்கானா 2014 ஜூன் 2-ல் வந்தது. லடாக் 2019 அக்டோபர் 31-ல் தனி யூனியன் பிரதேசம் ஆனது. தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் 2020 ஜனவரியில் ஒன்றாயின. இன்றைய கணக்கு 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். நீங்கள் பள்ளியில் பார்த்த மேப்பில் தெலங்கானா இருந்திருக்காது. உங்கள் அம்மா பார்த்த மேப்பில் ஜார்க்கண்டே கிடையாது, எல்லாம் பீகார்தான்.

மூன்றாவது காரணம் போன். போன் மேப் உங்களை நடுவில் வைத்து, போக வேண்டிய தெருவைக் காட்டுகிறது. நாட்டைக் காட்டுவதில்லை. இதைச் சரிசெய்வது சுலபம். புக்கிங் வரும்போது தெரியாத ஊர் என்றால் தேடுங்கள், ஆனால் வழி காட்டும் பட்டனை அழுத்தாதீர்கள். இரண்டு விரலால் சுருக்கிக்கொண்டே வாருங்கள். மாநில எல்லை தெரியும் வரை, பிறகு கடல் தெரியும் வரை. மேப் திரும்பாமல் வடக்கு மேலேயே இருக்கட்டும். பத்து வினாடி வேலை.

இனி முக்கியமான பயிற்சிக்கு வருகிறேன். கிராஃப் தாள் பத்து, ஒரு பென்சில், ஒரு சிவப்புப் பேனா வாங்கிக்கொள்ளுங்கள். தாளில் 16 செ.மீ.க்கு 16 செ.மீ. சதுரம் போடுங்கள். 1 செ.மீ. என்றால் 2 டிகிரி. இடது கீழ் மூலையில் அடிக்கோட்டுக்கு 66 என்று எழுதி, வலது பக்கம் 68, 70 என்று 98 வரை போங்கள்; இது தீர்க்கக்கோடு. அதே மூலையிலிருந்து மேலே 6, 8, 10 என்று 38 வரை, இது அட்சக்கோடு. இந்தியாவின் தரைப் பகுதி முழுக்க இந்தச் சதுரத்துக்குள் அடங்கிவிடும்: தெற்கு வடக்காக 8 டிகிரி 4 நிமிடத்திலிருந்து 37 டிகிரி 6 நிமிடம் வரை, மேற்கு கிழக்காக 68 டிகிரி 7 நிமிடத்திலிருந்து 97 டிகிரி 25 நிமிடம் வரை. எல்லோரும் செய்யும் தப்பு இரண்டு எண்ணையும் மாற்றிப் போடுவது. இந்தியாவைப் பொறுத்தவரை அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. 40-க்குக் கீழே இருந்தால் அட்சம், 65-க்கு மேலே இருந்தால் தீர்க்கம்.

இதில் ஐந்து நிற்கும் கோடு போடுங்கள்.

முதல் கோடு ஏறத்தாழ 73 டிகிரியில். கீழே கடலில் லட்சத்தீவின் கவரத்தி, அதற்கு நேர் மேலே மும்பை, சூரத், அகமதாபாத், இன்னும் மேலே ராஜஸ்தானின் ஜோத்பூர், பிகானேர். இரண்டாவது 77.5 டிகிரியில், இந்தியாவின் முதுகெலும்பு என்றே இதைச் சொல்லலாம். கன்னியாகுமரி, பெங்களூரு, போபால், டெல்லி, சிம்லா, லே ஆறும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அடுக்கடுக்காக நிற்கின்றன. நாட்டை முதன்முதலாக அறிவியல் முறைப்படி அளந்த நெடுங்கோடும் இதை ஒட்டித்தான், 78 டிகிரி அருகில், கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போனது. அந்த அளவைப் பணிக்கான அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10-ல் அளக்கத் தொடங்கியது நம் பரங்கிமலையில். இந்தியா மேப்பின் தொடக்கப் புள்ளி சென்னையில் இருக்கிறது என்பது இந்த ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

மூன்றாவது நம்முடைய கோடு, 80.3 டிகிரி. சென்னை, கொஞ்சம் வலது பக்கமாக விஜயவாடா, பிறகு மகாராஷ்டிராவும் சத்தீஸ்கரும் தொடும் காட்டுப் பகுதி, மேலே கான்பூர். சென்னையிலிருந்து நேர் வடக்கே நூல் பிடித்த மாதிரி போனால் வரும் பெரிய ஊர் கான்பூர். டெல்லி இடது பக்கம் ஒதுங்கி நிற்கும், கொல்கத்தா வலது பக்கம் வெகுதூரம் தள்ளி இருக்கும். நான்காவது 88.4 டிகிரி: கொல்கத்தா, சிலிகுரி, டார்ஜிலிங், கேங்டாக். ஐந்தாவது 92.7 டிகிரி: கீழே கடலில் அந்தமானின் ஸ்ரீ விஜயபுரம், அதற்கு நேர் மேலே மிசோரமின் ஐஸ்வால், அசாமின் சில்சார், தேஜ்பூர். டி.வி. மேப்பிலும் சில புத்தகங்களிலும் அந்தமானைத் தனிக் கட்டத்துக்குள் போட்டுவிடுவதால் அது தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் எங்கோ இருப்பதாக ஒரு நினைப்பு. சென்னையிலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 1,360 கி.மீ. தள்ளி, மியான்மருக்குக் கீழே இருக்கிறது. ராயபுரத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்தே அங்கே கப்பல் போகிறது.

குறுக்கே மூன்று கோடு. 13 டிகிரியில் சென்னை, பெங்களூரு, மங்களூரு. 23.5 டிகிரியில் கடகரேகை. அதை ஒட்டிக் கொஞ்சம் மேலும் கீழுமாகக் காந்திநகர், போபால், ராஞ்சி, அகர்தலா, ஐஸ்வால் என்று ஐந்து தலைநகரங்கள். கடகரேகை போகும் எட்டு மாநிலத்தை மேற்கிலிருந்து சொன்னால் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், திரிபுரா, மிசோரம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மனப்பாடம் செய்யும் வரிசை இது. கோடு போட்டுப் பழகினால் மனப்பாடமே தேவைப்படாது. மூன்றாவது 26-க்கும் 27-க்கும் நடுவில்: ஜெய்ப்பூர், லக்னோ, கோரக்பூர், சிலிகுரி, குவாஹாத்தி. போபால் இரண்டு கோடு வெட்டும் இடத்திலும், சிலிகுரி இரண்டு கோடு வெட்டும் இடத்திலும் வருவதைக் கவனியுங்கள். இந்த இரண்டு புள்ளியும் சரியாக விழுந்துவிட்டால் மற்றவை தானாக இடம் பிடிக்கும்.

கோடுகள் பழகிய பிறகு கடற்கரை. கிழக்கே கன்னியாகுமரி (8, 77.5), கோடியக்கரை (10.3, 79.8), சென்னை (13.1, 80.3), மசூலிப்பட்டினம் (16.2, 81.1), விசாகப்பட்டினம் (17.7, 83.3), பூரி (19.8, 85.8), சாகர் தீவு (21.7, 88.1). மேற்கே கொச்சி (10, 76.3), மங்களூரு (12.9, 74.8), பணஜி (15.5, 73.8), மும்பை (19, 72.8), சூரத் (21.2, 72.8), துவாரகா (22.2, 69). புள்ளிகளைச் சேருங்கள். கையால் சும்மா வரைகிறவர்கள் கிழக்குக் கடற்கரையைச் சென்னையிலிருந்து நெட்டாக மேலே இழுத்துவிடுவார்கள். அப்போது ஒடிசாவுக்கு இடமே இருக்காது. உண்மையில் மசூலிப்பட்டினத்துக்கு மேலே கரை நன்றாக வலது பக்கம் சாய்ந்து ஓடுகிறது. சாகர் தீவு போவதற்குள் ஏழு டிகிரி கிழக்கே போய்விடுகிறது. அந்தச் சாய்வுக்கு உள்பக்கம் இருப்பதுதான் ஒடிசா. இன்னொரு தப்பு, டெல்லியை உச்சியில் வைப்பது. டெல்லிக்கு மேலே இன்னும் எட்டரை டிகிரி, அதாவது 900 கி.மீ.க்கு மேல் இந்தியா இருக்கிறது.

இந்தத் தாளில் தூரமும் பார்க்கலாம். மேல் கீழாக 1 செ.மீ. என்றால் 222 கி.மீ. குறுக்கே கொஞ்சம் குறையும்: சென்னை மட்டத்தில் 217, லே மட்டத்தில் 184. வடக்கே போகப் போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்குவதுதான் காரணம். அதனால் உங்கள் படத்தில் காஷ்மீரும் லடாக்கும் கொஞ்சம் அகலமாகத் தெரியும். அது கணக்குத் தப்பில்லை.

மாநில எல்லைக்கோடுகளை முதல் வாரம் தொடவே வேண்டாம். இரண்டாவது வாரம் அச்சிட்ட மேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு எட்டு மாநிலம் வீதம் சேருங்கள். மேப்பின் மேல் தாளை வைத்து நகல் எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது, பெரும்பாலோர் தோற்பதும் அதனால்தான். இருபது தடவை நகல் எடுத்தாலும் கை பழகும், தலைக்குள் ஏறாது. முதலில் எதையும் பார்க்காமல் போடுங்கள். தப்பாகவே வரட்டும். பிறகு மேப்பைத் திறந்து, தப்பை அழிக்காமல் அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் சரியான இடத்தைக் குறியுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளிப் போயிற்று என்று கண் பார்த்தால்தான் அடுத்த தடவை திருந்தும். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. தாளில் தேதி போட்டு வையுங்கள்.

வடகிழக்குக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் மூன்று மாநிலங்களை மாற்றி மாற்றிச் சொல்லிக் குழம்பாதவர்கள் குறைவு. அசாமை ஒரு கடிகாரத்தின் நடுவாக வைத்துக்கொள்ளுங்கள். 12, 1 மணிப் பக்கம் அருணாசலப் பிரதேசம், 3 மணிக்கு நாகாலாந்து, 5-க்கு மணிப்பூர், 6-க்கு மிசோரம், 7-க்குத் திரிபுரா, 8-க்கு மேகாலயா. ஆறுமே அசாமைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. சிக்கிம் இந்தச் சுற்றில் சேராது. அது சிலிகுரிக்கு மேலே தனியாக, மேற்கு வங்கத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவில், மிகக் குறுகலான இடத்தில் சுமார் 22 கி.மீ. அகலமே உள்ள சிலிகுரி வழியாகத்தான் தரை மார்க்கமாக இந்த மாநிலங்களுக்குப் போக முடியும். அகர்தலாவுக்குப் போட்ட பார்சல் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல உங்களிடம் காரணம் இருக்கும்: கொல்கத்தாவுக்கு மிக அருகில்தான் அகர்தலா, ஆனால் நடுவில் வங்கதேசம். சரக்கு மேலே ஏறி, அசாமைச் சுற்றி, மறுபடி கீழே இறங்க வேண்டும்.

வடசென்னையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வெளி மாநிலங்களை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஊர் இது. வீட்டுக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னைக்கு வரும் தண்ணீரில் புழல் ஏரித் தண்ணீர் உண்டு. புழலில் மழைத் தண்ணீரோடு கிருஷ்ணா தண்ணீரும் சேருகிறது. கிருஷ்ணா பிறப்பது மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வரில், அரபிக் கடலுக்குப் பக்கத்து மலையில். அங்கிருந்து கர்நாடகா வந்து, தெலங்கானாவும் ஆந்திராவும் சேரும் எல்லையில் உள்ள ஸ்ரீசைலம் அணைக்கு வருகிறது. அணையிலிருந்து கால்வாய் வழியாகப் பெண்ணாற்றின் சோமசீலா அணை, பிறகு கண்டலேறு, அங்கிருந்து ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயின்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டி, பூண்டியிலிருந்து புழல். 1983-ல் ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்கு 12 டி.எம்.சி. தர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996-ல். இந்த வழியைக் கிராஃப் தாளில் நீலப் பென்சிலால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மகாராஷ்டிராவும் ஆந்திராவும் எப்படி இருக்கின்றன, நடுவில் எது என்பது அதன் பிறகு மறக்காது.

கரண்டும் அப்படித்தான். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து வருகிறது. தால்சேரிலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயில், பாரதீப்பிலிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம் வரை கப்பல்.

மாதவரம், செங்குன்றம் வழியாகப் போகும் ஜி.என்.டி. ரோட்டை ஆந்திரா போகிற ரோடு என்போம். அதுவே தேசிய நெடுஞ்சாலை 16 ஆகி நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், இச்சாபுரம், புவனேஸ்வர், கட்டாக், பாலசோர் என்று கொல்கத்தா வரை போகிறது. சுமார் 1,700 கி.மீ. வழியில் தாண்டும் மாநில எல்லை மூன்றே மூன்று: ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திரா, இச்சாபுரத்துக்கு அப்பால் ஒடிசா, பாலசோருக்கு அப்பால் மேற்கு வங்கம். ஒடிசா எங்கோ வடக்கே என்று நினைக்கிறோம், ஆனால் நமக்கும் ஒடிசாவுக்கும் நடுவில் இருப்பது ஆந்திரா ஒன்றுதான். சென்னையிலிருந்து ரயிலில் கன்னியாகுமரிக்கு எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரம்தான் விசாகப்பட்டினத்துக்கும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒடிசா வந்துவிடும்.

எண்ணூர், மணலி சாலைகளில் நிற்கும் லாரிகளின் நம்பர் பிளேட்டையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஓ.டி. ஒடிசா, சி.ஜி. சத்தீஸ்கர், ஜே.எச். ஜார்க்கண்ட், பி.ஆர். பீகார். தெலங்கானாவுக்கு டி.எஸ். இருந்தது, 2024 முதல் டி.ஜி. என்.எல். போட்ட லாரி நிறையக் கண்ணில் படும்; அவை நாகாலாந்தில் பதிவு செய்யப்பட்டவை, ஆனால் ஓடுவது நாடு முழுக்க. லாரி நாகாலாந்திலிருந்து வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அக்கா பையனிடம் தலைநகரம் கேட்காதீர்கள், பக்கத்து மாநிலம் கேளுங்கள். ஜார்க்கண்டிலிருந்து தரை வழியாகக் குஜராத் போக, நடுவில் குறைந்தது எத்தனை மாநிலம்? இரண்டு: சத்தீஸ்கர் அல்லது உத்தரப் பிரதேசம், அடுத்து மத்தியப் பிரதேசம். கடலும் இல்லாமல் வெளிநாட்டு எல்லையும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட மாநிலங்கள் எவை? ஐந்து: ஹரியானா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், தெலங்கானா. அவனும் உங்களைத் திருப்பிக் கேட்கட்டும். எட்டாவது படிக்கிற பையன் பெரியவர்களை மடக்கப் பார்ப்பதற்காகவே மேப்பைப் புரட்டுவான்.

அந்த ஒடிசா பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று ஐந்து மாநிலத்துக்காரர்கள் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறார்கள். நாம் எல்லோரையும் சேர்த்து ஒரே வார்த்தையில் இந்திக்காரர்கள் என்கிறோம். ஒடிசாக்காரர் பேசுவது ஒடியா, வங்கத்துக்காரர் பேசுவது வங்காளி, அசாம்காரருக்கு அசாமி, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர் வீட்டில் சந்தாலி பேசுகிறவராக இருக்கலாம். அருணாசலத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்தவர்களைப் பார்த்து எந்த நாடு என்று கேட்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சொந்த நாட்டில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேப் தெரியாததால் மார்க் குறைந்தால் போகட்டும், மனிதரைக் காயப்படுத்துவதற்கு அது காரணமாக இருக்கக் கூடாது. அவரிடம் எந்த மாவட்டம் என்று கேளுங்கள். கஞ்சம் என்றால் ஆந்திர எல்லையை ஒட்டிய கடலோரம். சுந்தர்கர் என்றால் ஜார்க்கண்ட் எல்லை. ஜார்சுகுடாவுக்கு அடுத்த மாவட்டம். பக்கத்தில் என்ன ஸ்டேஷன், எந்த ரயிலில் வந்தார், வழியில் எந்தெந்த ஊர் வந்தது என்று கேட்டால் அவர் சொல்வதை எந்தப் புத்தகமும் சொல்லாது.

கடைசியாக, சுவர் மேப். அரசியல் வரைபடம் என்று கேட்டு வாங்குங்கள், இயற்கை வரைபடம் வேண்டாம். இயற்கை வரைபடத்தில் மலையும் ஆறும் நிறம் நிறமாக இருக்கும், ஊர்கள் குறைவாக இருக்கும். ரயில் பாதையும் மாவட்டத் தலைநகரங்களும் போட்டிருந்தால் உங்கள் வேலைக்கு உதவும். வாங்கும் முன் நான்கு இடத்தைப் பாருங்கள்: தெலங்கானா தனியாக இருக்கிறதா, லடாக் தனி நிறத்தில் இருக்கிறதா, டாமன் டையூவும் தாத்ரா நகர் ஹவேலியும் ஒரே பெயரில் இருக்கின்றனவா, அந்தமான் தனிக் கட்டத்தில் இல்லாமல் அதன் சொந்த இடத்தில் இருக்கிறதா. முதல் மூன்றில் ஒன்று தப்பினாலும் பழைய அச்சு, விட்டுவிடுங்கள். நாட்டின் எல்லையைச் சரியாகக் காட்டுவதற்கு இந்திய நில அளவைத் துறையின் மேப்தான் அளவுகோல். 1767-ல் தொடங்கிய துறை, தலைமையகம் டேராடூன்; அவர்கள் இணையதளத்தில் மேப்புகள் கிடைக்கின்றன, இறக்கிப் பெரிதாக பிரின்ட் போட்டுக்கொள்ளலாம். 1 செ.மீ.க்கு 40 கி.மீ. என்ற அளவில் இந்தியா சுமார் 80 செ.மீ. உயரம் வரும். கவுன்டர் அறைக்கு அது தாராளம். அதைவிடச் சிறியதாக எடுத்தால் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஊர்ப் பெயர்களை ஒரு அடி தள்ளி நின்று படிக்க முடியாது.

லேமினேஷன் போடும்போது பளபளப்பு வேண்டாம், மேட் கேளுங்கள். டியூப் லைட் வெளிச்சம் பட்டால் பளபளப்பில் பாதி மேப் தெரியாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டினால் வாடிக்கையாளர்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பில் எழுதும்போது நிமிர்ந்தால் கண்ணில் படுகிற சுவரில், நடுப்பகுதி உங்கள் கண் உயரத்துக்கு வருகிற மாதிரி மாட்டுங்கள். அந்தந்த மாநிலத்தின் மேல் பின்கோடின் முதல் இரண்டு இலக்கத்தைச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.